அக்காவுக்கு விழுந்த வசனம்

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணியானால் இப்போதும் எனக்கு வெள்ளவத்தையில் இருப்புக்கொள்ளாது. அடுக்குமாடிப் பிளற்றின் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மனம் கொட்டாஞ்சேனையில் அக்காவின் வீட்டுக்குப் போய்விடும். அக்கா அங்கே இல்லை, மகளோடு கனடாவில் இருக்கிறார். அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். இருந்தாலும் புறக்கோட்டையில் பஸ் மாறி, நெரிசலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து அந்த ஒழுங்கைக்குள் இறங்கிய நாட்களுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். அவை அத்தானின் செத்தவீடு நடந்த வருடத்து நாட்கள் என்பதை நினைத்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

புதன்கிழமைகளில் அக்கா வீட்டில் தேவாலயச் சபைப் பெண்கள் ஐந்து பேர் வேதாகமம் வாசிக்கக் கூடுவார்கள். பிரசங்கம், விளக்கம் ஒன்றும் கிடையாது. கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, போன கிழமை விட்ட இடத்திலிருந்து ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்துக்கொண்டு போவார்கள். தனக்குப் பிடித்த வசனத்தைத் தேடி எடுக்க முடியாது. வரிசையில் எது வருகிறதோ அதுதான். ஒருவருக்கு விழுந்த வசனத்தை இன்னொருவர் வாசிக்கவும் கூடாது. கண்ணாடியை மறந்து வந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்து வேலைக் கிளாக்காக இருந்த பெண் ஒருவர், புதன்தோறும் அரைநாள் லீவு போட்டு வந்து இதையெல்லாம் நடத்துவார். நான் மனதுக்குள் அவருக்குப் புதுக்கடைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். வாசிப்பு முடிந்ததும் வேதத்தை மூடி, "சரி, அடுத்த தவணை வாற புதன்" என்பார். கோர்ட்டில் வழக்கைத் தள்ளி வைப்பது மாதிரியே இருக்கும்.

அக்காவின் கணவரான அத்தான் ஒருநாள் காலை வத்தளைக்கு வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே போய்விட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முதலாகக் கொழும்புக்கு வந்த என்னைக் கோட்டை ஸ்டேஷனில் வந்து கூட்டிப்போனவர் அவர். என்னுடைய முதல் இன்டர்வியூவுக்கு வாசல்வரை வந்து, இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றவர். அவரை அடக்கம் செய்த அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பாடு, வாகனம், மரண அறிவித்தல் என்று ஓடித் திரிந்தேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா பேச்சை விட்டுவிட்டார். கேட்டதற்கு "ஓம்", இல்லாவிட்டால் "வேண்டாம்". டொக்டர் நித்திரைக்குக் குளிசை கொடுத்தார். அக்கா ஒழுங்காகக் குடித்தார். நித்திரை வந்தது, கதைதான் வரவில்லை. சாப்பாடும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. மகளின் தொலைபேசி அழைப்புக்குக்கூட எழும்ப மாட்டார். அத்தானோடு அக்காவையும் இழந்துவிடப் போகிறேன் என்று பயந்தேன்.

அந்த வருடம்தான் நான் சனி, ஞாயிறுகளில் படித்து உளவளத்துணையில், அதுதான் கவுன்சலிங்கில், ஒரு டிப்ளோமா எடுத்திருந்தேன். படித்ததை யாரிலாவது பிரயோகித்துப் பார்க்கக் கை துருதுருத்தது. அக்காவின் முன்னால் உட்கார்ந்து, நான் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், கண்பார்வை எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் கவனித்து, "இப்ப உங்களுக்கு மனசில என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்பேன். அக்கா சுவரைப் பார்ப்பார். ஒருநாள், சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம் என்று வரிசையாக வரைந்திருந்த தாள் ஒன்றைக் கொண்டுபோய், எது உங்கள் முகம் என்று தொட்டுக்காட்டச் சொன்னேன். அக்கா தாளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். அன்றைக்கு வந்த கோபத்தில் நான் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

பெண்கள் மட்டும் புதன் தவறாமல் வந்தார்கள். அக்கா அறைக்குள் படுத்திருப்பார். அவர்கள் முன்னறையில் வாசிப்பார்கள். நான் குசினி வாசலில் நின்று முகத்தைச் சுளிப்பேன். இப்படி ஒரு மனுசி உள்ளே கிடக்கும்போது வரிசைப்படி வேதத்தின் சங்கீதங்களைப் படித்து என்ன பயன் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அத்தான் போய் ஐந்தாம் மாதத்தில் ஒரு புதன், ஒரு சங்கீதத்தின் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா அறையிலிருந்து வந்து ஜன்னலோரமாக இருந்த தன் பழைய கதிரையில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் வேதத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். வரிசை சுற்றி வந்து அக்காவில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். அந்தச் சங்கீதம் முழுவதுமே புலம்பல். அதன் கடைசி வசனத்தில் ஆறுதல் என்று ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அருகில் இருந்தவனைத் தூரத்துக்கு அகற்றியவர் நீர்தான் என்று கடவுளைப் பார்த்தே சொல்லிவிட்டு, அப்படியே முடிந்துபோகிறது. அத்தனை வசனங்கள் இருக்க, கைம்பெண்ணாகி ஐந்து மாதமான என் அக்காவுக்கு இதுதான் விழுந்தது.

அக்கா வாசிக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, ஒழுங்கையில் த்ரீவீலர் ஒன்று போனது. கால்மணி நேரம் கழித்துப் புதுக்கடைக்காரி வேதத்தை மூடி, தவணையை அடுத்த புதனுக்கு வைத்தார்.

நான் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டேன். இந்த நிலையில் இருப்பவருக்கு இருட்டான சொற்களைக் கொடுக்கக் கூடாது, இது நான் படித்த விஷயம், மேய்ப்பனைப் பற்றியோ மலையைப் பற்றியோ நல்லதாக ஒன்றை எடுத்து வாசியுங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு உங்கட படிப்பு இல்லை," என்றார். "அவவுக்கு என்ன சொல்லோணும் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஆள் தெரிஞ்செடுத்துக் குடுக்கிறதைவிட, வாறதை வரவிடுறது நல்லம்."

அடுத்த புதன் அதே வசனத்திலிருந்து தொடங்கினார்கள். அக்கா வந்து அமர்ந்தார், வாசிக்கவில்லை. அதற்கடுத்த புதனும் அப்படியே. ஐந்து பெண்கள், அதில் ஒருவர் மட்டக்குளியிலிருந்து மூட்டுவலியோடு வருபவர், ஒரே ஒரு வசனத்துக்காக வந்து, அதையும் கேட்காமல், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை வெடித்தது.

நான்காவது புதன் பொறுக்க முடியாமல் போயிற்று. குசினி வாசலில் நின்றபடியே அந்த வசனத்தைப் படபடவென்று நானே வாசித்துத் தள்ளினேன். இந்த வில்லங்கம் முடியட்டும், இனியாவது நல்ல பகுதிக்குப் போவோம் என்று நினைத்தேன். எல்லாரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா திரும்பினார். ஆறு மாதமாகக் கேட்காத குரலில் சொன்னார்: "அது எனக்கு விழுந்தது. நீ ஏன் வாசிச்சனி?"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூப்பிட்டும் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, நடப்பதற்கு இருந்ததையும் நானே கெடுத்துவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த புதன் போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்கும் முறையாக, குசினி வாசலை விட்டு வட்டத்துக்குள் ஒரு கதிரையை இழுத்து, அக்காவுக்கு அடுத்ததாக உட்கார்ந்தேன். புதுக்கடைக்காரி நான் வாசித்ததைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மறுபடியும் அந்த வசனத்திலேயே வேதத்தைத் திறந்து அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா வாசித்தார். சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. 'நீர்தான்' என்ற கருத்து வரும் இடத்தில் குரல் கிழிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இப்பிடிக் கடவுளைக் கேட்டால் பாவம் எண்டு நினைச்சன். அதுதான் வாயைத் திறக்கேல்லை. திறந்தால் இதுதான் வந்திருக்கும்." அந்த வரியைத் தடவி, "இஞ்ச பாருங்கோ, இது முதலே எழுதிக் கிடக்கு," என்றார்.

என்ன மாதிரி இருக்கு என்று நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். அவர் எதைச் சொல்லப் பயந்தார் என்று ஒருதரமாவது யோசித்தேனா? அக்காவின் கோபத்துக்கு என் தாளில் ஒரு முகம் இருந்தது உண்மைதான். அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம் அதில் இருக்கவில்லை. இவ்வளவு காலம் வேதத்தோடு வளர்ந்தும் இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

வேதம் என் கைக்கு வந்தது. அடுத்த சங்கீதம், முதல் வசனம். கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன் என்று சந்தோஷமாகத் தொடங்குவது. அக்காவுக்குக் கொடுங்கள் என்று நான் மல்லுக்கட்டினேனே, அந்த மாதிரி நல்ல வசனம். வாயைத் திறந்தேன். கோட்டை ஸ்டேஷனில், கசங்கிய சேர்ட்டோடு கையைக் காட்டிக்கொண்டு நிற்கும் அத்தான்தான் கண்ணில் வந்தார். எழுத்துகள் எல்லாம் கரைந்துபோயின. அவர் செத்து ஆறு மாதத்துக்குப் பிறகு, ஐந்து பெண்களுக்கு முன்னால், கெட்டிக்காரி நான் விம்மி விம்மி அழுதேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவிக்கொண்டு, இந்தத் தரம் தான் வாசித்துவிடட்டுமா என்று மெல்லக் கேட்டார். அக்கா என் மடியில் கிடந்த வேதத்தின்மேல் கையை வைத்து மறித்தார்.

"வேண்டாம்," என்றார். "அவள் ஆறுதலா, நேரமெடுத்து வாசிக்கட்டும். நாங்கள் வாற புதனும் இருப்பம்தானே."