நோட்ஸில் இல்லாத பதில்

முதல் நாள் மதியம் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் முப்பது பிள்ளைகளும் எழுந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்றார்கள். நாற்பத்து நான்கு வயதில் கைப்பையும் குடையுமாக வந்து நிற்பவளை வேறு என்னவென்று நினைப்பார்கள்? அவளும் அசரவில்லை. "உட்காருங்க, உட்காருங்க" என்று கையமர்த்திவிட்டு, நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் மிஸ். இரண்டாவது வரிசையில் இருந்த அவள் மகளுக்குத்தான் மானம் போனது.

மிஸ்ஸுக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பன்னிரண்டுக்குள் பதினான்கு அறைகளை முடிக்க வேண்டும். அதன்பிறகு பஸ் பிடித்து ஓடி வந்து, பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கில மொழியும் இலக்கியமும். எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. அவளுடைய பதினைந்தாவது வயதில் ஒரு டீச்சர், "இங்கிலீஷ் உன் மண்டையில ஏறாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏறுமா ஏறாதா என்று தானே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். இடம் கொடுத்த பள்ளி முதல்வர் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு தேர்வில் தவறினாலும் அவளுக்கு இடம் போய்விடும்.

அந்த ஆண்டு பாடத்தில் ஒரு நாடகம். எஜமானியின் நகையைத் திருடியதாக வேலைக்காரி மேல் பழி விழுகிறது. அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறாள். "வேலைக்காரியின் மௌனம் அவளுடைய விசுவாசத்தைக் காட்டுகிறது" என்று இங்கிலீஷ் சார் நோட்ஸ் சொல்ல, முப்பது பேனாக்கள் ஓடின. கடைசி பெஞ்சுப் பேனா மட்டும் ஓடவில்லை.

"சார், அது விசுவாசம் இல்ல."

"பின்ன?"

"கோபம்."

வகுப்பு சிரித்தது. சார் அவளைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவரும் இல்லை. "பதினோரு வருஷமா இந்த நோட்ஸ எழுதித்தான் பிள்ளைங்க பாஸ் பண்றாங்கம்மா. புதுசா எதையாவது எழுதி மாட்டிக்காதீங்க" என்றார்.

மிஸ்ஸுக்கு எப்படிப் பொறுக்கும்? ஹோட்டலில் ஒருமுறை, விருந்தாளி ஒருவரின் கைக்கடிகாரம் காணோம் என்று அவள் கைப்பையை மேனேஜர் மேசையில் கவிழ்த்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. கடிகாரம் அந்த ஆளுடைய ஷூவுக்குள்ளேயே கிடந்தது. யாரும் ஒரு மன்னிப்பு கேட்கவில்லை. அன்று அவள் பேசாமல் நின்றது விசுவாசமாம்! வாயைத் திறந்திருந்தால் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

அந்த நாடகத்தைப் பற்றி எழுதச் சொன்ன கட்டுரையில் நான்கு பக்கத்துக்குக் கோபம் என்றே எழுதினாள். சார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்தி எழுதிடுங்கம்மா. வாய்மொழித் தேர்வுக்கு வெளிய இருந்து வர்ற மேடம் ரொம்பக் கண்டிப்பு. இந்தக் கட்டுரைய வெச்சுத்தான் கேள்வி கேட்பாங்க. போச்சுன்னா வருஷமே போச்சு."

வீட்டில் மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். "அம்மா, கோபம்னு இருக்கற இடத்துல எல்லாம் விசுவாசம்னு போட்டுட்டுப் போயேன். பாஸானா போதாதா உனக்கு?"

"போதாது."

"பெயிலாயிட்டா?"

"நான் எழுதினதுக்கு நான் பெயிலாயிட்டுப் போறேன்."

"உன்னைத் திருத்தவே முடியாது" என்று மகள் எழுந்து போய்விட்டாள். மிஸ்ஸுக்குப் பயம் இல்லாமல் இல்லை. தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மாற்றித்தான் எழுதிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

தேர்வன்று ஆசிரியர் அறையில் வெளியூர் மேடம் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் அவளுடைய நான்கு பக்கங்கள், நிறையச் சிவப்பு வட்டங்களோடு. சார் ஓரமாக உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"எல்லாரும் விசுவாசம்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் கோபம்னு எழுதினீங்க?"

"அவங்க நோட்ஸப் பார்த்து எழுதினாங்க மேடம். நான் நாடகத்தப் பார்த்து எழுதினேன்."

சார் இருமினார். மேடம் சிரிக்கவில்லை. "கோபம்னு நாடகத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

படித்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. பிறகு அந்த மேனேஜர் மேசை ஞாபகம் வந்தது. கூடவே வார்த்தையும் வந்தது.

"அறுபத்தொண்ணாம் பக்கம் பாருங்க. திட்டு வாங்கின பிறகு ஒரே போர்வைய மூணு தடவ மடிக்கிறா. தினமும் அதையே செய்யறவளுக்கு ஒரே தடவைல மடிக்கத் தெரியாதா மேடம்? கை சும்மா இருந்தா அறைஞ்சிடுவோம்னு பயந்துதான் பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிறா. நானும் மடிச்சிருக்கேன்."

மேடம் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு சார் பக்கம் திரும்பி, "இத நீங்க கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் சார்.

மேடம் தாளில் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். "பாஸ். ஆனா இங்கிலீஷ்ல தப்பு நிறைய இருக்கு."

"தப்பும் என்னோடதுதான் மேடம், பதிலும் என்னோடதுதான்" என்றாள் மிஸ்.