சித்தப்பாவின் அரிசி அறை

அந்தக் கதவின் இடுக்குகளில் பிரவுன் டேப் ஒட்டியவன் நான்தான். அரியலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்சல் பெட்டிகளுக்கு ஒட்டும் அகல டேப் கடையில் எப்போதும் கிடக்கும். பாடாலூர் வரும்போது இரண்டு எடுத்து வரும்படி சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோனேன். ஸ்டூலில் ஏறி நின்று, துளிக் காற்றும் புகாதபடி நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன். கீழே நின்ற சித்தி, "என்னடா, கல்யாண வூட்டுக்குச் சோடிக்கிற மாதிரி ஒட்டுற" என்று சிரித்தார். போன வாரம் ஏதோ போர்ச் செய்தியைப் பார்த்துவிட்டு, "அரிசி ரெண்டு மூட்டை கூடுதலா வாங்கிப் போட்டுடலாமாங்க?" என்று என் மனைவி கேட்டபோது, எனக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுந்தது. கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

சித்தப்பா மக்காச்சோளம் போடும் விவசாயி. பிள்ளைகள் இல்லை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு; பிறந்ததிலிருந்து லாரிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர். ஊரடங்கு வந்தபோது அந்தச் சத்தம் நின்றது. நாங்களெல்லாம் நோய்க்குப் பயந்தோம். அவர் அந்த அமைதிக்குப் பயந்தார். வாசலில் நின்று வெறும் ரோட்டையே மணிக்கணக்காகப் பார்ப்பாராம். "லாரி ஓடுற வரைக்குந்தாண்டா சோறு. நின்னுபோச்சுன்னா யாரு வூட்டு வாசல்ல போயி நிப்ப? ஒரு பய தரமாட்டான்" என்று போனில் சொன்னபோது அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

லாரிகள் மறுபடி ஓடின. அவர் பயம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. டிவியில் எங்காவது குண்டு விழுந்தால் ஒரு மூட்டை, மழை தவறினால் இரண்டு மூட்டை என்று வாங்கினார். படுக்கையறை அரிசி அறையாயிற்று. அவரும் சித்தியும் பக்கத்து அறைக்கு மாறினார்கள். முப்பது மூட்டைகள் சேர்ந்தபோது, "ரேஷன் கடையே தொறந்துடலாம் போலருக்கே" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிடா. ஒரு நா பையத் தூக்கிக்கிட்டு நீயும் இங்கதான் வருவ" என்றார். முதல் ஊரடங்கில் அவரிடம் ஒரு சிப்பம் அரிசி வாங்கிப் போனவன் நான்.

சேர்த்து வைப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அடுத்த அறுவடை வரைக்கும் தானியம் வைத்திருந்த குடும்பம்தான் எங்களுடையது. ஆனால் அது தின்னத் தின்னத் தீர்ந்து, மறுபடி நிரம்பும். சித்தப்பா மூட்டையைப் பிரிக்கவே விடவில்லை. முப்பது மூட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டு, அன்றாடச் சமையலுக்குச் சித்தி கடையில் கிலோ கணக்கில் அரிசி வாங்கினார். அதைக்கூட நாங்கள் வேடிக்கையாகத்தான் பேசினோம்.

தொடாத அரிசியில் வண்டு விழுந்தது. மக்காச்சோளக் குடோனில் வைக்கும் விஷ மாத்திரைகளை வாங்கிவந்து, துணியில் முடிந்து மூட்டைகளுக்கிடையே செருகினார் சித்தப்பா. அதற்குத்தான் அந்த டேப். ஈரக்காற்றுப் பட்டால் புகையாமலே நஞ்சு கிளம்பும் சாமான் அது. ஆள் குடியிருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். டப்பாவில் போட்டிருப்பதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு நான் படிக்கவில்லை. அது ஓட்டு வீடு. அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு. ஸ்டூலில் நின்ற நான் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சித்தி போன் செய்தார். தலைவலி, இரண்டு தடவை வாந்தி. "எலி செத்த மாதிரி ஒரு நாத்தம் வேற. அதுதான் கொமட்டுது போலருக்குடா" என்றார். கடையில் கூட்டம். "பித்தமா இருக்கும் சித்தி. வீட்ல இருக்கிற கேஸ் மாத்திரையப் போட்டுக்கிட்டுச் செத்த படுங்க" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டார். நான் சொன்னபடியே படுத்திருக்கிறார், அரிசி அறைக்குப் பக்கத்து அறையில், தூறல் உள்ளே அடிக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. மதியம் சித்தப்பா வயலிலிருந்து வந்து எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அரிசி அறையில் வைத்த விஷ மாத்திரையின் வேலைதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எத்தனையோ பேருக்கு நான் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலை நேரத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பினோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டலாம் என்றாலும் அந்த முப்பது மூட்டைகளில் ஒரு பிடி அரிசியை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒரு குண்டானில் ரேஷன் அரிசிச் சோறும் தூக்கில் ரசமும் கொண்டுவந்து, பந்தலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்குத் தட்டில் போட்டார். அவர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கு மேலத்தெருவுல ஆக்கிக் கொண்டாராங்கண்ணே. அதுக்கு மறுநா என் தங்கச்சி வூட்டுல. கருமாதி வரைக்கும் யாரு யாருன்னு பேசி வச்சாச்சு. நீங்க சாப்புடுங்க."

சித்தப்பா கையில் பிசைந்த சோற்றோடு அழ ஆரம்பித்தார்.