படத்தில் தடியோடு நின்றவன்

எனக்கு முன்பிருந்த வாத்தியாரை நீக்கியதற்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சொன்ன காரணம், பிள்ளைகள் வாயே திறக்கவில்லை என்பது. திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கிராமப் பள்ளியில் எனக்கும் அதே கவலைதான். பிள்ளைகள் பேசாவிட்டால் வேலை போகும். விழுப்புரத்தில் அம்மா மறுபடி களை பறிக்கப் போவாள்.

அவர்களைப் பேச வைக்கவென்றே ஒரு படம் வாங்கி வந்தேன். சீமைப் படம்; விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையில் கிடந்தது. பெரிய மரங்கள், மூட்டம், தூரத்தில் ஆறு. இரண்டு பெண்கள் குனிந்து சுள்ளி பொறுக்குகிறார்கள். பின்னால் மரத்தோரம் தடியோடு ஒருவன் நிற்கிறான். இயற்கையின் மடியில் எளியவர்கள் எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று பாடத்தை முடிப்பதாகத் திட்டம். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாளாகத் தூங்காதவள் நிம்மதியைப் பற்றிப் பேசப் புறப்பட்டேன், பாருங்கள்.

சோதனைக்கு வந்த அன்று இன்ஸ்பெக்டர் வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படத்தை மாட்டி, "இதுல என்ன தெரியுது, சொல்லுங்க" என்றேன். ஒரு பிள்ளை அசையவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்கதவு வழியாகப் பண்ணைக்காரர் வந்தார். பள்ளிக்கு இடம் கொடுத்தவர். ஊருக்குக் கிழக்கே இருந்த சவுக்குத் தோப்பு முழுக்க அவருடையது. நடத்து என்று கையைக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். கூலிக்காரி மகள், தோப்பை ஒட்டித்தான் குடிசை.

"சுள்ளி திருடிக்கினு இருக்காங்க டீச்சர். அவன் காவக்காரன். அவங்களுக்கு இன்னும் தெரியல."

அப்பாடா, வாயைத் திறந்தாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "காவக்காரன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "தடிய வச்சிக்கினு சும்மா நிக்கிறான் பாருங்க. பின்னால வந்து நின்னா தெரியவே தெரியாது சார். போன வாரம் எங்கம்மா கூட..."

பண்ணைக்காரர் நிமிர்ந்தார்.

"உக்காரு" என்றேன். அவள் விழித்தாள். "உக்காருடி. வாய மூடு."

அதோடு வகுப்பே அடங்கிவிட்டது. மீதிப் பாடத்தை நானே ஒப்பித்தேன். இயற்கையாம், நிம்மதியாம்.

புறப்படும்போது இன்ஸ்பெக்டர் சொன்னார்: "நல்லாப் பேசின புள்ளைய அடக்கிட்டீங்களேம்மா. இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது." பண்ணைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண்ணின் அம்மா விஷயம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அழுகை அதற்கப்புறம் வந்தது.

எல்லாரும் போனபின் அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

"நான் சொன்னது தப்பா டீச்சர்?"

"இல்ல. சரியாத்தான் சொன்னே."

"அப்ப ஏன் கத்தினீங்க?"

"உன் பின்னால பண்ணைக்காரர் உக்காந்துக்கினு இருந்தாரு."

திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள். சிலேட்டைக்கூட எடுக்காமல் தோப்புப் பக்கம் ஓடினாள்.