மூன்றாம் வளைவில் காணாமல் போனவர்

கொளுத்தும் வெயிலில் மழையைப் பற்றி எழுதுவதுதான் அவள் தொழிலில் கஷ்டமான பகுதி. காதலைப் பற்றி எழுதுவது அத்தனை கஷ்டமில்லை. இருபது வருஷமாக அதைக் கை தானாகவே எழுதிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நாவல். ஒவ்வொரு நாவலின் கடைசி நான்கு பக்கமும் வாசகர்களுக்கு அவள் எழுதும் பருவமடல். எந்த ஊருக்குப் போனாள், இப்போது என்ன எழுதுகிறாள், வீட்டில் என்ன சேதி எல்லாம் அதில் வரும். இரண்டு மாதம் முன்னதாகவே எல்லாம் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், மழைக்கால மடலை அவள் மின்விசிறிக்கு அடியில், வாளித் தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டு எழுதுவாள்.

நாவலைவிட மடலுக்குத்தான் கிராக்கி. பல பேர் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, நான்கு பக்கம் படித்துவிட்டு, முன்னால் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது பதிப்பாளருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மடலில் அவள் போகாத ஊர் இல்லை. நிஜத்தில் கடைசியாக ஊர் தாண்டியது ஓரகத்தியின் கண் அறுவைச் சிகிச்சைக்கு. மூன்று நாள் மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, 'ஏரிக்கரையில் மூன்று நாள்' என்று எழுதினாள். மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது என்னவோ உண்மை.

மடலின் நாயகன் அவள் கணவர். ஆபீசில் கிண்டல் செய்வார்கள் என்று அவர் பெயர் போட விடாததால், மடலில் அவர் வெறும் 'என்னவர்'. என்னவர் விடிவதற்குள் தேநீர் போட்டுத் தருவார், குளிர்ந்தால் சால்வை போர்த்துவார், மலைமுகட்டில் நின்று கவிதை சொல்வார். 'நம்ம என்னவர் சௌக்கியமா?' என்று வாசகிகள் விசாரித்து எழுதுவார்கள். வீட்டிலிருக்கும் என்னவர் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் சொல்வதை முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு, எதற்கும் 'பார்க்கலாம்' என்ற ஒரே பதிலில் வந்து நின்றுவிட்டவர். மனைவி எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை.

இந்த முறை மழைக்கால மடலில் அவள் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டாள். 'நீங்கள் இதைப் படிக்கும் இந்த வாரம் நானும் என்னவரும் மலைமேல் மூன்றாம் வளைவு விடுதியில் இருப்போம். ஒரே குடையில் காட்சிமுனை வரை நடப்போம். அந்தப் பக்கம் வந்தால் ஒரு குரல் கொடுங்கள்.' யார் வந்து குரல் கொடுக்கப் போகிறார்கள் என்கிற தைரியம்தான். மழை பெய்யும் என்று அவள் எழுதியது சரியாகவே பலித்தது. அளவுதான் கூடிப்போயிற்று. புத்தகம் கடைக்கு வந்த நான்காம் நாள் மலைப்பாதை சரிந்து, விடுதியின் பாதி மண்ணுக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வானொலியில் செய்தி கேட்ட அவள், "ஐயோ பாவம்" என்றாள். தனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றவே இல்லை. அது எப்போதோ எழுதியது. இப்போது அவள் மனசெல்லாம், முந்தின நாள்தான் அச்சகத்துக்கு அனுப்பிய குளிர்கால மடலின் கடற்கரையில் இருந்தது.

பத்து மணிக்குப் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், உயிரோட இருக்கீங்களா?"

"இது என்ன கேள்வி? இருக்கேன்."

"அப்பாடா. எந்த வழியா இறங்கினீங்க?"

"எங்கேருந்து?"

"அப்ப நீங்க போகவே இல்லையா?"

"என்னிக்குப் போயிருக்கேன்? உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கேட்டதில்லை மேடம். நீங்களும் சொன்னதில்லை. நல்லாத்தானே போயிட்டிருந்துது." பதிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையிலேருந்து போனை வைக்க முடியலை. நாலு நாள் வெளியே தலைகாட்டாதீங்க. அப்புறம் தப்பிச்சு வந்துட்டீங்கன்னு சொல்லிடலாம். அதை வெச்சு ஒரு நாவலே போட்டுடலாம். மேலே மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணு வேற அழுதுட்டே இருக்கு. மருந்துக்கடையில வேலையாம். உங்க மடலைப் படிச்சுட்டுத்தான் புருஷனோட அங்கே போயிருக்கு. நம்பர் தரேன், நீங்களே சமாதானம் பண்ணுங்க."

நாவல் என்றதும், வெட்கமில்லாமல், முதல் அத்தியாயம் அவள் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த உற்சாகத்திலேயே மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டு, எழுத்தாளரின் தங்கை பேசுவதாகச் சொன்னாள்.

"அக்கா, உங்க அக்காவை மண்ணைத் தோண்டித் தேடுறாங்க," என்றாள் அந்தப் பெண். "நான்தான் புஸ்தகத்தைக் காட்டி, ரெண்டு பேரையும் காணோம்னு எழுதிக் கொடுத்தேன். விடுதியில இருந்த எல்லாரும் வந்தாச்சு. இவங்க ரெண்டு பேருதான் குறையுது. பன்னெண்டு பேர் விடியறதுலேருந்து வெட்டிட்டிருக்காங்க. மேலேருந்து இன்னும் கல்லு உருளுது. ஒருத்தருக்குத் தோள்ல அடி."

முதல் அத்தியாயம் அத்தோடு நின்றது.

"அவங்க வந்துட்டாங்கம்மா. நான் பார்த்தேன்."

"அப்ப கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கக்கா. நான் சொன்னா கேட்க மாட்டாங்க."

கட்டுப்பாட்டு அறை எழுத்தர் தங்கையையும் நம்பவில்லை. "காலையில இப்படித்தான் ஒரு அண்ணன், தம்பி வந்துட்டான்னார். வந்தது வேற தம்பி. காணாமப் போனவங்களே பேசணும்மா. எந்த வழியா இறங்கினாங்கன்னும் சொல்லணும். மேலே இன்னும் நாற்பது பேர் இருக்காங்க, வழி இருந்தா அவங்களையும் அதுலயே இறக்கிடலாம். அப்புறம், கூட வந்தவர் பேரு என்னவர்னு எழுதியிருக்கு. வெளிநாட்டுக்காரரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். இல்லாத வழி ஒன்றை அழகாக வர்ணிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த வழியில் நாற்பது பேர் இறங்குவார்கள்.

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "என்னவாம்?" என்றார்.

"நாம ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள இருக்கோமாம்."

"பார்க்கலாம்."

அவள் முழுவதையும் சொன்னாள். பன்னிரண்டு பேர் என்ற இடத்தில் செய்தித்தாள் கீழே இறங்கியது.

"பொய்ப் புகாரை வாயால வாபஸ் வாங்க முடியாது," என்றார் அவர். முப்பது வருஷ அனுபவம் பேசியது. "எழுத்துல கொடுக்கணும், கையெழுத்தோட. வாயால சொன்னா எவனும் வேலையை நிறுத்த மாட்டான். நானா இருந்தாலும் நிறுத்த மாட்டேன்."

"எழுதிக் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சுடுங்க. இருபது வருஷ மடல். அத்தனையும் புளுகுன்னு ஆயிடும்."

"புளுகுதானே?"

அவள் நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"தோள்ல விழுந்த கல்லு அடுத்தது தலையில விழும்," என்றார் அவர். "எழுது."

எழுதினாள். முதல் காகிதம், 'மேகங்கள் கவிந்த அந்த மலையை மனக்கண்ணால் மட்டுமே' என்று தொடங்கியது. அவர் எட்டிப் பார்த்து, "மேகம் வேணாம்," என்றார். இரண்டாவதில் வாசகர்களின் அன்பு வந்தது. "அவங்க கேட்கலை." மூன்றாவது இப்படி இருந்தது: 'நானும் என் கணவரும் மலைக்குப் போகவில்லை. இந்த வாரம் முழுவதும் வீட்டில்தான் இருந்தோம். புத்தகத்தில் நான் எழுதியது கற்பனை. எங்களைத் தேடுவதை நிறுத்துங்கள்.' கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி எழுதியதில் அவர் முழுசாகப் படித்தது அது ஒன்றுதான். "புரியுது," என்றார். இருபது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம்.

காகிதத்தைப் படம் எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினாள். எழுத்தர் உடனே கூப்பிட்டார். கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. "சரிம்மா. கீழே வரச் சொல்லிடறேன்," என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மருந்துக்கடைப் பெண்ணிடம், "தங்கை இல்லைம்மா, நான்தான்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் அந்தப் பெண், "சரிங்க," என்று வைத்துவிட்டாள். அக்கா போய் 'ங்க' வந்திருந்தது.

மறுநாள் அச்சகத்துக்கு ஆள் அனுப்பி, குளிர்கால மடலின் கடற்கரையைத் திரும்ப வாங்கினாள். அதற்குப் பதிலாக, இருபது வருஷத்தில் தான் போன இடங்களையும் போகாத இடங்களையும் பிரித்து எழுதிக் கொடுத்தாள். மொட்டை மாடியைச் சேர்த்தும் போன இடங்கள் ஒரு பத்திக்குக்கூட வரவில்லை.

பதிப்பாளர் பதறிப்போனார். "மேடம், மொட்டை மாடியில துணி காயப்போட்டதை யாரு காசு கொடுத்துப் படிப்பாங்க?"

"படிக்காட்டிப் போகட்டும். இதைப் போடறீங்களா, வேற ஆளைப் பார்க்கறீங்களா?"

போட்டார். முப்பத்தெட்டுக் கடிதங்கள் வந்தன. முப்பத்தெட்டு பேரும் நம்பவில்லை. மண்ணுக்குள் கிடந்துவிட்டு வந்தவர்கள் இப்படித்தான் எதையெதையோ பேசுவார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னார்கள். ஒருத்தி மனநல மருத்துவரின் விலாசமே அனுப்பியிருந்தாள். இத்தனைக்குப் பிறகும் மனைவியை எழுத வைத்திருக்கும் என்னவரைப் பதினொரு பேர் பாராட்டியிருந்தார்கள். புத்தகம் முன்னைவிட நன்றாக விற்றது. பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டார்.

முப்பத்தொன்பதாவதாக வந்தது ஓர் அஞ்சலட்டை. 'இந்த மடலை நம்பினேன். சந்தாவை நிறுத்திக்கொள்கிறேன்.' மருந்துக்கடை முத்திரை இருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத அவள் மேஜையில் உட்கார்ந்தாள். நான்கு காகிதங்களைக் கிழித்தாள். ஐந்தாவதைக் கணவர் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மன்னிப்பும், அடிபட்டவரின் தோள் எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பும்தான் இருந்தன.

"இதுல நீ எங்கேயும் போகலையே?"

"போகலைங்க."

"அப்ப அனுப்பு," என்று தபால்தலை தேட எழுந்தார்.