கொல்லைச் சுவரில் ஊற்றிய பால்

சகோதரிகளே, என் பிள்ளையை நானே பட்டினி போட்டேன். தெரியாமல்தான் போட்டேன். ஆனாலும் போட்டேன்.

1998, சித்திரை மாதம். என் மகன் அந்தோணிக்கு மூன்று மாதம். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. இனியும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்த நேரம். போகாமல் முடியாது. அவருடைய அக்கா, என் மதினி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மதினிக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார்.

காலை ஐந்து மணிக்கு மில் பஸ். திரும்பி வர மதியம் மூன்று ஆகும். மார் கல்லாகக் கனக்கும். பிள்ளையைத் தூக்க ஓடுவேன். மதினி மறிப்பார்.

"வெயில்ல வந்த பாலு, கட்டுன பாலு. பிள்ளைக்கு ஆகாது. பீச்சி ஊத்திட்டு வா."

எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் கொல்லைச் சுவரில் பீச்சிவிட்டு வெறும் மாரை அவன் வாயில் வைப்பேன். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீரிடுவான். பகலெல்லாம் பாட்டிலில் பசும்பால். இரண்டே மாதத்தில் எனக்குப் பால் வற்றிவிட்டது. அவனுக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குச்சிக் கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் கேட்டேன்: "நீயும் பிள்ளை பெத்தவதானே? பார்த்துக்கிட்டே இருக்கியே, உனக்கு ஈரமே இல்லையா?" மூன்று நாளும் இதையேதான் கேட்டேன்.

நான்காம் நாள், மருந்து வாங்கிவிட்டு வெயிலில் வந்தவள், ஊறியிருந்த நாலு சொட்டையும் வழக்கம்போலத் தொட்டியில் பீச்சினேன். நர்ஸம்மா பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ளை குடிக்கிறதையா ஊத்துற? வெயில்ல வந்தா தாய்ப்பால் கெடாதும்மா. சப்பக் குடு, தானா ஊறும். வேலைக்குப் போகும்போது சுத்தமான டம்ளர்ல எடுத்து மூடி வச்சுட்டுப் போ. சங்குல புகட்டச் சொல்லு."

பிள்ளை தேறினான். ஓயாமல் சப்பவிட்டதில் பாலும் ஊறியது. மறுபடி வேலைக்குப் போன அன்று, வெந்நீரில் கொதிக்கவைத்த டம்ளரில் பால் எடுத்து மூடிவைத்தேன். மதினி முகத்தைச் சுளித்தார்.

"மாட்டுப் பாலா கறந்து வைக்க? நல்லா இருக்கு கூத்து!"

பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். ஊற்றிவிடுவார், மறுபடியும் பாட்டில்தான் என்று நினைத்தேன். "தாயே, மதினி மனசை மாத்து" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

திரும்பி வந்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஊத்திட்டீங்களா மதினி?"

"ஊத்தத்தான் எடுத்தேன். கை வரல. சங்குல குடுத்தேன், அம்புட்டையும் குடிச்சிட்டுத் தூங்குறான்." பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "இம்புட்டு நாளா ஊத்தச் சொன்னது நான்தானே தாயி."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அதற்கப்புறம் தினமும் மதினிதான் புகட்டினார். பாட்டிலை அவரே தூக்கி எறிந்தார்.

சகோதரிகளே, மாதாவிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள். எனக்கு உதவி ஒரு நர்ஸின் திட்டாக வந்தது. உங்களுக்கு எப்படி வருமோ, விரட்டிவிடாதீர்கள்.

அந்தோணி இப்போது ஐந்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அத்தை, பசிக்குது" என்றுதான் கத்துவான். அம்மா என்று கூப்பிடுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. மாதாவே, உமக்கு நன்றி.