என் நோவுக்கு நான் போட்ட புள்ளி

எனக்கு நோகிறது. இந்த ஒரு வரியை ஒளிவுமறைவில்லாமல் எழுத எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. வாசிக்கிற யாராவது "ஐயோ பாவம்" என்று வாயெடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பாவம் பார்க்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்பு, மொன்ட்ரியால் டவுன்டவுனில் நான் காய்கறி வெட்டிக்கொண்டிருந்த உணவகத்தின் பின்படியில் பனி இறுகிக் கண்ணாடி போலக் கிடந்தது. குப்பைப் பையோடு இறங்கினேன். பை முதலில் போனது, பின்னாலேயே நானும் போனேன். முள்ளந்தண்டில் ஒரு வட்டு விலகிவிட்டது என்று வெட்டித் தைத்தார்கள். தையல் ஆறியது. இடுப்பிலிருந்து இடது குதிக்கால் வரை ஓடுகிற ஒரு நரம்பு மட்டும் ஆறமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது. நின்றால் எரியும், இருந்தால் குத்தும், படுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் கணினியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் தெரியவில்லையே" என்றார்கள். படத்துக்கு நோகிறது என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் அதை அவர்களிடம் கேட்கவில்லை. "தாங்க் யூ டொக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

நான் மட்டுமில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் பதுங்குகுழிக்குள்ளிருந்து ஏறி வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "நாங்கள் இங்கு நலம்" என்று வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிய சனம் நாங்கள். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் வாய் தானாகவே சுகம் என்று சொல்லிவிடும். உண்மையைச் சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம் என்று நினைப்போம். எங்களுக்கு இருக்கிற சங்கடம் கணக்கில் வராது.

அந்த நேரத்தில்தான் கிளினிக்கில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். நீண்டகால நரம்பு நோ உள்ளவர்கள் ஆராய்ச்சிக்குத் தேவை. முதல் எட்டு வாரம் தியானம். பிறகு ஒரு நாள், ஒரேயொரு தடவை, காளானிலிருந்து எடுத்த மருந்து ஒரு காப்ஸ்யூலில். மனதைக் கொஞ்ச நேரம் வேறெங்கோ கொண்டுபோய்விட்டுத் திருப்பிக் கொண்டுவருகிற மருந்து. பக்கத்திலேயே இரண்டு பேர் இருந்து பார்த்துக்கொள்வார்கள். மூளை நோவைப் பழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறதாம், அந்தப் பழக்கத்தை இது குலைக்குமா என்று பார்க்கிறார்களாம். படித்தவுடனே எனக்கு அது வேண்டும் என்றிருந்தது. ஏழு வருடத்தில் ஒன்றை வேண்டும் என்று நான் நினைத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உமக்கென்ன விசரே? போதைச் சாமானெல்லோ அது! கோயில்ல சனம் என்ன கதைக்கும்?"

"கோயில்ல சனம் என்ரை காலை ஒரு நாளைக்குக் கொண்டுபோய் வச்சிருக்கட்டும். பேந்து கதைக்கட்டும்."

நகரத்தின் மேற்கு ஓரத்தில், கர்க்லாண்டில் இருக்கும் அவருடைய தங்கைக்கு விஷயம் போக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. "மச்சாள், அது குடுகாரர் எடுக்கிறதாம்" என்று தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்ப நானும் ஒருக்கா எடுத்துத்தான் பாப்பமே மச்சாள்" என்றேன். அவள் அதற்குப் பிறகு காலநிலையைப் பற்றிக் கதைத்தாள்.

தியான வகுப்பு டவுன்டவுனில், ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. தலைமுடியைக் கொண்டையாகக் கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பொடியன் கையைக் கூப்பி "நமஸ்தே" என்றான். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் சாமானை எங்களிடமே கொண்டுவந்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறானே என்றிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லத்தானே இதை எழுதுகிறேன்: நான் கோயிலுக்குப் போயிருக்கிறேன், விரதம் பிடித்திருக்கிறேன், தேவாரம் பாடமாக்கியிருக்கிறேன். பத்து நிமிடம் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. அந்தப் பொடியன் கெட்டிக்காரன்தான். நோவை விரட்டாதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றான். பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது கூடியது. இத்தனை வருடமாக நான் அதைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நின்றிருக்கிறேன் என்பது அங்கேதான் விளங்கியது.

எங்கள் குழுவைப் பார்த்துக்கொண்டவள் சென்னையிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்த ஒரு பிள்ளை. முதல் நாளே "வாங்க ஆன்ட்டி, தமிழா நீங்க?" என்று ஓடிவந்தாள். மொன்ட்ரியால் குளிருக்குப் போதாத ஒரு மெல்லிய ஜாக்கெட். மத்தியானச் சாப்பாடு பாணும் ஜாமும். அடுத்த வாரம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், ஆசையாகப் பார்த்தாள், திரும்ப மூடினாள்.

"சாரி ஆன்ட்டி. ஆராய்ச்சியில இருக்கிறவங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாது. ரூல்ஸ்."

எனக்கு மனம் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில், "இது முடிஞ்சாதான் நான் தீசிஸ் எழுத முடியும். ரிசல்ட் நல்லா வரணும்னு வேண்டிக்கங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். அவள் அதைச் சும்மா சொன்னாள். எங்கள் ஊர் பரீட்சை என்றால் வானொலியை நிறுத்தி, வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடக்கிற ஊர். பிள்ளையின் பரீட்சைக்கு நான் என்ன செய்யலாம் என்று என் மூளை அந்த நிமிடமே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

சாப்பாடு வாங்கமாட்டாள். ஆனால் இன்னொன்று வாங்குவாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு எங்கள் கைத்தொலைபேசி அடிக்கும். இன்றைக்கு நோவுக்கு எத்தனை புள்ளி? பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. முதல் வாரம் நான் உண்மையாகவே எட்டு என்று போட்டிருந்தேன். இப்போது குறைக்கத் தொடங்கினேன். ஒரேயடியாகக் குறைத்தால் சந்தேகம் வருமென்று இரண்டு நாள் இறக்கி, ஒரு நாள் ஏற்றி, படிப்படியாகக் கொண்டுவந்தேன். ஏழு, ஆறு, ஏழு, ஐந்து. புள்ளி குறையக் குறையப் பிள்ளைக்கு நல்லது. எட்டாம் வாரம் முழுவதும் இரண்டும் மூன்றும்தான். இடது காலைக் கதிரையில் தூக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு என்று அழுத்துவேன். அழுத்திவிட்டு ஒரு பெருமிதம் வேறு.

வீட்டிலும் அதையே சொன்னேன். ஒரு பொய்யை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எட்டு வாரமும் ஒழுங்காக வந்தவர்களுக்குக் காப்ஸ்யூல் என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருந்தேன். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனால் வகுப்பேற்றம், அதுபோல. தொடக்கத்தில் அந்தப் பிள்ளை சம்மதப் படிவத்தின் இருபது பக்கத்தையும் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். நான் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். கடைசி வகுப்பன்று அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, குட் நியூஸ்! உங்க ஸ்கோர் ரெண்டரைக்கு வந்திருச்சு. அஞ்சுக்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் காப்ஸ்யூல். உங்களுக்கு அது தேவையே இல்ல!"

அவளுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நானும் சிரித்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன். பச்சை வழி ரயிலில் இருக்கை கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் மச்சாள் அழைத்தாள். மகனுக்குப் பிறந்தநாள், நாற்பது பேர். "இப்ப உங்களுக்கு நோவில்லைத்தானே மச்சாள், அண்ணை சொன்னவர். ரோல்ஸ் சுத்தித் தருவியளோ?" போனேன். கர்க்லாண்டில் அந்தப் பெரிய குசினியில் நான்கு மணித்தியாலம் நின்று, கறியை உள்ளே வைத்து ரோல்ஸ் சுற்றினேன். கடைசித் தட்டு முடியும்போது காலில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது, கண்ணீர் வந்தது, வெங்காயம் என்றேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மச்சாள் மேல் இல்லை. அவள் நான் சொன்னதைத்தான் நம்பினாள். என் மேல் வந்தது. ஏழு வருடமாக வைத்தியர்கள் என் காலை நம்பவில்லை என்று மனதுக்குள் திட்டினேனே, கடைசியில் அந்தக் காலைப் பொய்யாக்கியது யார்? நான்.

இன்னொன்றும் உறைத்தது. என்னுடைய இரண்டும் மூன்றும் ஒரு புத்தகத்தில் அச்சாகும். நாளைக்கு வேறொரு பெண், வேறொரு குசினியில் நின்று கால் எரிகிறவள், வைத்தியரிடம் போவாள். சும்மா இருந்து மூச்சைப் பாரம்மா, இதோ எண்கள் இருக்கின்றன என்று அவளை அனுப்பிவிடுவார்கள். அந்த எண்களில் ஒன்று என்னுடையதாக இருக்கும். அதற்கு நான் விடமாட்டேன்.

திங்கட்கிழமை நான்காம் மாடிக்குப் போனேன். அந்தப் பிள்ளையோடு தலைமை ஆராய்ச்சியாளரும் இருந்தார், என் வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. இருக்கச் சொன்னார். நிற்கிறேன் என்றேன். எனக்கிருக்கிற குசினி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் எண்கள் பொய். என் நோ எட்டு. எனக்குக் காப்ஸ்யூல் வேண்டும்.

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் ஆன்ட்டி?" என்றாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நீ பாஸ் பண்ணவேணும் எண்டுதான் பிள்ளை."

அவள் அதை ஆங்கிலத்தில் மற்றவருக்குச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எட்டு என்று வந்திருந்தாலும் இவள் பாஸ் பண்ணியிருப்பாள், எங்களுக்கு வேண்டியது உண்மைதான் என்றார். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, வேறு எத்தனை பேர் உன்னைச் சந்தோஷப்படுத்தப் பொய்ப் புள்ளி போட்டிருப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

தீர்ப்பு இதுதான்: என் எண்களைத் திருத்த முடியாது. முழுவதையும் தூக்கிவிடுவார்கள். காப்ஸ்யூல் கிடையாது. விரும்பினால் அடுத்த குழுவில், முதலாம் நாளிலிருந்து, வேறு ஒருவரின் பொறுப்பில் தொடங்கலாம். அது எப்போது என்றும் எடுப்பார்களா என்றும் இப்போது சொல்ல முடியாது. அழைப்பு வராமலும் போகலாம், அப்போதும் வருவீர்களா என்று கேட்டார்.

"அழைக்கும் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் வந்து இந்த வாசலில் நின்று கேட்பேன்" என்றேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதுவரை மூன்று மாதம் போய்க் கேட்டுவிட்டேன்.

மின்தூக்கி வரைக்கும் அந்தப் பிள்ளை கூடவே வந்தாள். கண் சிவந்திருந்தது. என் மேல் கோபமாகத்தான் இருந்தாள், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். கதவு மூடும்போது, "புட்டு வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து, மொன்ட்ரியால்-நோரில் எங்கள் இரண்டாம் மாடிப் படியை ஒவ்வொன்றாக ஏறினேன். கணவர் அடுப்பில் கறியைக் கிண்டிக்கொண்டு நின்றார். ஏழு மணிக்குக் கைத்தொலைபேசி அடித்தது. என்னை நீக்கியதை அந்த யந்திரத்துக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை போலும்.

"உம்மடை மணி அடிக்குது" என்றார், திரும்பாமலே. "வழமைபோலை ரெண்டைப் போட்டிட்டு வாரும், சாப்பிடுவம்."

யாரும் அதை எண்ணப் போவதில்லை. எந்தப் புத்தகத்திலும் அது வரப்போவதில்லை. எட்டை அழுத்தினேன். அழுத்திவிட்டு எழுந்து போய் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எட்டோ? இண்டைக்கோ?"

"இண்டைக்கு மட்டுமில்லை" என்றேன். "ஏழு வருசமா."

அவர் அடுப்பை அணைத்தார். மேசைக்கடியில் இருந்த கதிரையை இழுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அதில் இருந்தேன்.