ஐந்து பெட்டிக்கு ஒரு கேமரா

பியோங்சிக்குக்குப் போலீஸ் நிலையத்தில் ஒரே வேலைதான். ஊருக்குள் வரும் கடலோரச் சாலையில் சாம்பல் நிறத்தில் ஐந்து இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன. வேகமாகப் போகிற வண்டியைப் படம் பிடிக்கும் கேமரா இருப்பதோ ஒன்று. தினமும் விடிகாலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். மற்ற நாலும் வெறும் டப்பா. எது நிஜம், எது டப்பா என்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

இதனால் அந்த மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடிந்ததா? ஊரே அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடற்பாசி சூப் குடித்தால் பாலத்துப் பெட்டி, தொப்பி போடாமல் வந்தால் மீன் சந்தைப் பெட்டி என்று சாப்பாட்டுக் கடைக்காரி ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒரு நாள் பெட்ரோல் பங்க் பக்கம் நின்று தும்மித் தொலைத்தார். அன்றைக்கு மீன் லாரியெல்லாம் அங்கே நத்தை மாதிரி ஊர்ந்தன. இருந்ததோ வெறும் டப்பா. கிறுக்குப் பிடித்த ஊர்.

வெளியாள் தொல்லையாவது பரவாயில்லை. அவர் பெண்டாட்டி மல்சுன் டாக்சி ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவளுக்குக் கால் சும்மா இருக்காது. காலையில் சோற்றையும் கிம்ச்சி ஊறுகாயையும் முன்னால் வைத்துவிட்டு, இன்றைக்கு எந்தப் பெட்டி என்று ஆரம்பிப்பாள். உண்மையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் டாக்சிக்காரர்கள் அத்தனை பேர் காதுக்கும் போய்விடும். அதனால் வாய்க்கு வந்த வேறொரு பெட்டியைச் சொல்லிவைப்பார். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? அவர் சொன்ன பெட்டி முன்னால் பறப்பாள், மற்ற நாலிலும் அடக்க ஒடுக்கமாகப் போவாள். பக்கத்து ஊர்களில்தான் மாட்டிக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் டாக்சி முதலாளி கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு அபராதம் வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள் மல்சுன். வண்டி ஓட்டாமல் வீட்டில் கிடந்தால் செத்தே போவேன் என்றாள். பியோங்சிக்குக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சாப்பிடும்போது, கேட்பதற்கு முன்னாலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மல்சுன், இன்னிக்குப் பூண்டு வயல் பெட்டி. சத்தியமாச் சொல்றேன், அங்க மெதுவாப் போ."

"சரிங்க," என்று ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள்.

அடுத்த நாள் நிலையத்தில் படங்களைத் திறந்தார். பூண்டு வயல் முன்னால் சீறிக்கொண்டு வந்தது அவள் டாக்சி. கண்ணாடிக்குப் பின்னால் மல்சுன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பெட்டியைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு டாட்டா காட்டினாள். அவளை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்ததே இல்லை. அபராதச் சீட்டை அனுப்பித்தான் ஆக வேண்டும், அனுப்பினார்.

சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"சத்தியம் பண்ணித்தான சொன்னேன்?" என்றார் பியோங்சிக்.

"தினமும் சத்தியம் பண்ணித்தானங்க சொல்லுவீங்க," என்றாள் மல்சுன்.